கோதாவரியில் சிறு படகில் மூன்று இரவுகள்: நங்கூரம் பாய்ச்சுவது பற்றி ஒரு கேள்வி

எண்ணூர்க் கழிமுகம் (கேள்வி)

வணக்கம். நான் திருவொற்றியூரில் இருக்கிறேன். பதினெட்டு அடி ஃபைபர் படகு ஒன்று ஆறு ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காடு ஏரியிலும் ஓட்டிப் பழகிய கை. ஆனால் இருட்டிய பிறகு ஒருநாள்கூடத் தண்ணீரில் இருந்ததில்லை. மாலை ஐந்தரைக்குள் கரை சேர்ந்துவிடுவேன்.

பொங்கல் விடுமுறையில் கோதாவரிக்குப் போக நினைத்திருக்கிறேன். நான், என் மைத்துனர், பத்தொன்பது வயது மகன், ஆக மூன்று பேர். படகை டிரெய்லரில் கட்டி ராஜமுந்திரி வரை கொண்டுபோய், தவளேஸ்வரம் அணைக்குக் கீழே இறக்கி, கௌதமிக் கிளை வழியாக ஏனாம் வரை மெதுவாகப் போகலாம் என்பது திட்டம். மூன்று இரவும் படகிலேயே தூக்கம்.

ஏன் இந்த ஆசை என்று வீட்டிலும் கேட்டார்கள். என் அப்பா சிறுவனாக இருந்தபோது தாத்தாவுடன் பக்கிங்காம் கால்வாயில் படகில் வந்தவர். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சவுக்கு விறகு ஏற்றிக்கொண்டு பேசின் பிரிட்ஜ் வரை வருவார்களாம். இரவில் கரையோரம் கட்டிவிட்டு விறகு அடுக்கின் மேல் படுத்துத் தூங்கியதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். போன ஆவணியில் காலமானார். அந்தக் கால்வாயில் இன்று அப்படிப் போக முடியாது; நகருக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் அதற்குள்ளேயே நிற்கின்றன. பெரிய நீரில் ஓர் இரவாவது என் மகனுடன் படுத்து எழ வேண்டும்.

கேட்க விரும்புவது: ஆற்றில் எந்த மாதிரி இடத்தில் நங்கூரம் பாய்ச்சுவது? கயிறு எவ்வளவு நீளம்? கரையில் உள்ள மரத்தில் கட்டினால் போதாதா? மூன்று பேரும் ஒரே நேரத்தில் தூங்கலாமா? என்னிடம் இருப்பது காசிமேட்டில் வாங்கிய நான்கு கொம்பு நங்கூரமும் நாற்பது அடி நைலான் கயிறும்.

ராயபுரம் செவிலி

உங்கள் அப்பா கதையைப் படித்ததும் போகாதீர்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் 2019 செப்டம்பர் நினைவுக்கு வருகிறது. அதே கோதாவரியில், கச்சுலூரு அருகே சுற்றுலாப் படகு கவிழ்ந்து எத்தனை குடும்பங்கள் சிதைந்தன! அது பெரிய படகு. உங்களுடையது பதினெட்டு அடி.

என் வேலையில் பார்த்ததை வைத்து இரண்டு விஷயங்கள் சொல்கிறேன். குளிருக்குப் பயந்து தார்ப்பாயை நான்கு பக்கமும் இறுக்கி மூடிவிட்டு உள்ளே ஸ்டவ் ஏற்றாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல் என்று தொடங்கும்; தூங்குகிறவருக்கு அதுகூடத் தெரியாது. சமையலைத் திறந்தவெளியில் முடித்து, அடுப்பு ஆறிய பிறகே பாயை விரியுங்கள்.

இன்னொன்று. நடு இரவில் சிறுநீர் கழிக்க எழுந்து படகின் விளிம்பில் நிற்பது. ஆண்கள் எல்லோரும் செய்வது இது. தூக்கக் கலக்கம், ஈரமான ஃபைபர், பிடிக்க எதுவும் இல்லை. விழுந்த சத்தம்கூட மற்றவருக்குக் கேட்காது. ஒரு வாளி வைத்துக்கொள்ளுங்கள். இதில் கூச்சம் வேண்டாம்.

பழைய சராங்கு

தம்பி, தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வயது எழுபத்தொன்று. முப்பது ஆண்டுகள் ஆற்று நீரளவை லாஞ்சுகளில் வேலை செய்தவன். கடைசிப் பதினான்கு ஆண்டுகள் சராங்கு, அதாவது லாஞ்சை நடத்தும் தலைவன். கோதாவரியில் நான்கு பருவங்களும் பிரம்மபுத்திராவில் இரண்டு பருவங்களும் இரவு பகலாகக் கழித்திருக்கிறேன். அந்தச் சகோதரி சொன்ன விபத்து, ஆறு பெருவெள்ளத்தில் ஓடிய நாளில் நடந்தது. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை நீங்கள் கேட்டிருந்தால், வேண்டாம் என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் எழுதியிருக்க மாட்டேன். பொங்கல் நேரத்துக் கோதாவரி வேறு ஆறு.

ஆனால் உங்கள் தடம் சரியில்லை. ஜனவரியில் தவளேஸ்வரத்துக்குக் கீழே மணலைத்தான் பார்ப்பீர்கள். ஆர்தர் காட்டன் 1852இல் கட்டி முடித்த அணைக்கட்டு இருந்த இடத்தில் இப்போது இருக்கும் தடுப்பணை, ரபி பருவத்தில் வரும் நீரைப் பெரும்பாலும் கிழக்கு, மத்திய, மேற்கு டெல்டாக் கால்வாய்களுக்குத் திருப்பிவிடுகிறது. நெல்லுக்குப் போனது போக ஆற்றில் விடுவதற்கு அதிகம் மிஞ்சாது. ஜொன்னாடா பாலத்தில் நின்று கீழே பார்த்தால், அரைக் கிலோமீட்டர் மணலுக்கு நடுவே வேட்டிக்கரை போல ஒரு நீர்க்கோடு தெரியும். அதில் பதினெட்டு அடிப் படகை ஓட்ட முடியாது; தள்ள வேண்டியிருக்கும். கீழ்ப்பக்கம் போகத்தான் வேண்டும் என்றால் கோட்டிபல்லிக்குக் கீழே கடலோதம் எட்டும் பகுதியில் நீர் இருக்கும். அங்கே ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீரோட்டம் திசை மாறும். முதல் இரவுப் பாடத்தை அங்கே படிக்க வேண்டாம்.

அணைக்கு மேலே போங்கள். ராஜமுந்திரியில் படகை இறக்கி, பாலங்களைத் தாண்டி, பட்டிசீமா வரை மேல்நோக்கி. அணை நீரைத் தேக்கி வைத்திருப்பதால் இந்த மாதத்தில் மட்டம் பெரிதாக ஏறி இறங்காது, ஓட்டமும் மந்தம். ராஜமுந்திரியில் ஆற்றின் அகலம் இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல். பெரிய நீர் என்று நீங்கள் கேட்டது அங்கே இருக்கிறது. ஆற்று நடுவே சிறு குன்றின் மேல் பட்டிசீமா வீரபத்திரர் கோயில் நிற்கும். அதைப் பார்த்ததும் திரும்பிவிடுங்கள். அதற்கு மேல் போலவரம் அணைக்கட்டு. அந்தப் பக்கம் படகு மூக்கைக்கூட நீட்டக் கூடாது. இறங்கி வரும்போது தவளேஸ்வரம் மதகுகளை நெருங்குவதும் அப்படித்தான். எஞ்சின் நின்றுபோனால் மதகு உங்களைத் தேடி வராது, நீங்கள்தான் மதகைத் தேடிப் போவீர்கள்.

இனி நங்கூரம். மற்ற எதையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்: படகின் அணியத்தில், அதாவது முன்முனையில்தான் கட்ட வேண்டும். பின்பக்கத்தில் ஒருபோதும் கட்டக் கூடாது. சிறு படகில் எஞ்சின் பின்னால் தொங்குகிறது. எடை அங்கே, விளிம்பு தாழ்ந்திருப்பதும் அங்கே. ஓட்டத்தில் பின்பக்கத்தைக் கட்டினால் ஆறு அதை இன்னும் கீழே இழுக்கும். நீர் உள்ளே ஏறும். ஏறியது வெளியே போகாது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஓர் அக்டோபர், வெள்ளம் வடிந்துகொண்டிருந்த நேரம். நான் அப்போது சராங்கு இல்லை, கயிறு பிடிக்கும் ஆள். லாஞ்சோடு வந்த சின்னப் படகில் இரண்டு பேர் படுத்தோம். ஏறி இறங்க வசதி என்று மேலதிகாரி ஒருவர் சொன்னதால் பின்பக்கத்தில் நங்கூரக் கயிற்றைக் கட்டியிருந்தோம். இரவு இரண்டு மணி இருக்கும். கயிறு முனகியது. வீணைக் கம்பியை யாரோ மெல்ல நிமிண்டிவிட்டது போல ஒரு சத்தம். எழுந்து டார்ச் அடித்தேன். மேலிருந்து வந்த ஆகாயத்தாமரைப் படலம் ஒன்று கயிற்றில் சிக்கி, ஒரு மாட்டுவண்டி அகலத்துக்குச் சேர்ந்து நின்றது. பின்னால் வருவதெல்லாம் அதில் ஒட்டி ஒட்டிப் பெருத்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின் விளிம்பு நீர்மட்டத்துக்கு வந்துவிட்டது. அவிழ்க்கப் பார்த்தேன், முடிச்சு கல்லாக இறுகியிருந்தது. தேங்காய் உரிக்க வைத்திருந்த கத்தியால் கயிற்றை அறுத்தேன். மூன்றாவது வெட்டில் படகு துள்ளி மேலெழுந்தது, எங்கள் முழங்கால் அளவு நீரோடு. அன்றிலிருந்து கட்டும் இடத்தருகே ஒரு கத்தியை நூலில் தொங்கவிடாமல் நான் எந்தப் படகிலும் படுத்ததில்லை. நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

உங்கள் நாற்பது அடிக் கயிறு போதாது. கணக்கு எளிது. ஆழம் பத்து அடி, நீர்மட்டத்திலிருந்து அணியம் இரண்டு அடி, சேர்த்துப் பன்னிரண்டு. பகலில் சாப்பிட நிறுத்துவதற்கு ஐந்து மடங்கு, 60 அடி. இரவுக்கு ஏழு மடங்கு, 84 அடி. கயிறு நீளமாக இருந்தால்தான் இழுப்பு தரையோடு படுத்திருக்கும். நங்கூரம் மணலைத் தோண்டிக்கொண்டு உள்ளே போகும். கயிறு குட்டையானால் ஒவ்வோர் அலையும் நங்கூரத்தைப் பிடுங்கி எடுக்கும். கயிற்றுக்கும் நங்கூரத்துக்கும் நடுவே பதினைந்து அடிச் சங்கிலி சேருங்கள். அதன் எடை இழுப்பைக் கீழே அழுத்தி வைக்கும், மணல் உரசிக் கயிறு நைவதையும் தடுக்கும். நான்கு கொம்பு நங்கூரம் பாறைக்கு நல்லது. கோதாவரி அடி முழுக்க மணல். கொம்பு மணலில் உழுதுகொண்டே போகும், நிற்காது. இரண்டு அகலத் தகடுகள் மடங்கும் நங்கூரம் ஒன்று, நான்கைந்து கிலோவில் வாங்குங்கள். பழையதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் பார்ப்பது பற்றி. மாலை நான்கு மணிக்குள் இடம் முடிவாகியிருக்க வேண்டும். ஐந்தரைக்கு இடம் தேடுகிறவன் கிடைத்த இடத்தில் படுப்பான். வளைவின் வெளிக்கரையில் ஓட்டம் கரையை அறுத்துக்கொண்டிருக்கும். மண் சரிந்து மேலே விழும். உட்கரையில் மணல்மேடு. இரண்டுக்கும் நடுவே, நேராக ஓடும் நீளத்தில், ஒரு லங்காவின் மறைவில் நில்லுங்கள். ஆற்றுத் தீவை அங்கே லங்கா என்பார்கள். புகையிலையும் வாழையும் பயிரிட்டிருப்பார்கள். ஜனவரியில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும். அகன்ற நீரில் அது எழுப்பும் அலை ஓட்டத்தை விடத் தொல்லை தரும், ஆகவே வடகிழக்கே கரையோ தீவோ இருக்கும்படி பாருங்கள். அடி அளவு குறித்த மூங்கில் கழியால் நங்கூரம் விழும் இடத்தை மட்டும் அளக்காமல், கயிற்று நீளம் சுற்றி வரக்கூடிய வட்டம் முழுவதும் குத்திப் பாருங்கள். ஓட்டம் மந்தமாக இருந்தால் இரவில் காற்று உங்களைச் சுழற்றும்.

பாய்ச்சும்போது அணியம் ஓட்டத்தை எதிர்த்து நிற்கட்டும். படகு முன்னேறுவது நின்று, பின்னால் நகரத் தொடங்கும் நொடியில் நங்கூரத்தைக் கையால் இறக்குங்கள். வீசினால் சங்கிலி அதன்மேலேயே குவிந்துவிடும். கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, முழுதும் போன பின் எஞ்சினைப் பின்னோக்கி மெதுவாக இயக்கி இழுத்துப் பாருங்கள். அப்போது உள்ளங்கையைக் கயிற்றின் மேல் வையுங்கள். பிடித்துவிட்ட நங்கூரத்தின் கயிறு இறுகி அமைதியாக இருக்கும். நழுவும் நங்கூரம் பேசும்: குத்திக் குத்தி, மணலில் கட்டிலை இழுப்பது போல ஒரு நடுக்கம் கைக்கு வரும். அந்த நடுக்கத்தை மகனுக்கு ஒருமுறை வேண்டுமென்றே காட்டுங்கள். தெரிந்த கை தூக்கத்திலும் மறக்காது.

மரத்தில் கட்ட வேண்டாம். பாம்பும் எலியும் கயிற்றில் நடந்து வரும் என்பது ஒருபுறம். மட்டம் அரை அடி இறங்கினாலே கரையோரப் படகு சாய்ந்து உட்கார்ந்துவிடும். உங்கள் தாத்தா படகைக் கட்டியது கால்வாய்க் கரையில். அங்கே நீர் அலைபாயாது.

கௌதமிக்கரை

அண்ணா, என் சொந்த ஊர் ஏனாம். இப்போது பெரம்பூரில் இருக்கிறேன். சராங்கு ஐயா சொன்னது அத்தனையும் சரி. கோட்டிபல்லிக்கும் முக்தேஸ்வரத்துக்கும் இடையே ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிப் போகும் பண்ட்டு ஓடும். சங்கராந்தி நாட்களில் கூட்டம் அலைமோதும். கோனசீமா என்னும் எங்கள் டெல்டாப் பகுதி முழுவதும் சொந்த ஊருக்குத் திரும்பும் நேரம். அந்தத் துறையருகே நங்கூரம் பாய்ச்சினால் இரவும் நிம்மதி இருக்காது.

நான் சேர்க்க விரும்புவது வலைகள் பற்றி. மாலையில் விரித்த வலையை விடியற்காலையில் எடுப்பார்கள். தெர்மாகோல் துண்டும் பிளாஸ்டிக் பாட்டிலும்தான் அடையாளம், இருட்டில் தெரியாது. அது ஒரு குடும்பத்தின் மறுநாள் சோறு. இடம் தேர்ந்ததும் பக்கத்தில் இருக்கும் மீனவரிடம் போய், "இங்கே நிற்கலாமா, வலை இருக்கிறதா?" என்று கேளுங்கள். தெலுங்கு வராவிட்டால் கையைக் காட்டினாலே புரியும். கேட்டவனுக்கு அவர்களே நல்ல இடம் காட்டுவார்கள். மாலையில் மீனும் கொடுப்பார்கள். புலசை மட்டும் கேட்காதீர்கள். அது கடலிலிருந்து வெள்ளக் காலத்தில் ஏறி வரும் மீன், ஜனவரியில் புலசை என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். தாலியை விற்றாவது புலசை தின்ன வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள், அதனால் விலையும் அப்படி.

விடியற்காலை மூடுபனி வரும். ஒன்பது மணி வரைகூட அக்கரை தெரியாத நாட்கள் உண்டு. பனி விலகும்வரை நங்கூரத்தை எடுக்காதீர்கள். எஞ்சின் படகு என்பதால் பதிவுச் சான்று கையில் இருக்கட்டும். 2021 உள்நாட்டு நீர்க்கலச் சட்டத்தின்படி பதிவு கட்டாயம். கரையோரக் காவல் நிலையத்தில் மூன்று பேர் பெயரும் எந்த இரவு எங்கே என்பதும் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

எண்ணூர்க் கழிமுகம்

மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சராங்கு ஐயா எழுதியதை மைத்துனருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கயிறு அறுத்த இடத்தில் என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஏனாம் திட்டத்தை விட்டுவிட்டோம். ராஜமுந்திரியிலிருந்து பட்டிசீமா, மூன்று இரவுக்குப் பதில் இரண்டு. வாளியும் வாங்கியாயிற்று, சகோதரி.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை, ஐயா. மூவரும் தூங்கலாமா? போனில் நங்கூரம் நகர்ந்தால் மணி அடிக்கும் செயலி இருக்கிறது என்கிறான் மகன். அதை நம்பலாமா?

பழைய சராங்கு

வேண்டுமென்றே விட்டேன் தம்பி, தனியாகச் சொல்ல வேண்டும் என்று.

முதல் இரவு மூவரும் தூங்கக் கூடாது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு மைத்துனர், பன்னிரண்டிலிருந்து மூன்று நீங்கள், மூன்றிலிருந்து ஆறு மகன். கடைசி முறையை அவனுக்குக் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது: விடியலை அவன் பார்க்கட்டும். செயலியையும் போடுங்கள், நல்லதுதான். ஆனால் இரவு முழுக்க ஓடினால் போன் பேட்டரி இறங்கும். ஆகாயத்தாமரை சேர்வதும் அதற்குத் தெரியாது. வெளிச்சம் இருக்கும்போதே கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் பிடித்து வையுங்கள். முன்னால் ஒரு பனைமரம், அதற்கு நேர் பின்னால் ஒரு கோயில் விளக்கு, இப்படி. பக்கவாட்டில் இன்னொரு ஜோடி. கோடு விலகி, விலகியபடியே நின்றால் படகு நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். விலகித் திரும்பச் சேர்ந்தால் காற்றில் ஆடுகிறது, அவ்வளவுதான். இருட்டில் தெரியும் அடையாளமாகப் பாருங்கள். பகலில் அழகாக இருந்த மரம் இரவில் இருக்காது.

எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு ஒன்றை ஆளுயரத்துக்கு மேல் ஏற்றி விடியும்வரை எரிய விடுங்கள். மணல் ஏற்றும் படகுகள் இரவிலும் நகரும். உயிர்காப்பு அங்கி முறைக்காரர் உடம்பில் இருக்க வேண்டும். தலையணையாக வைப்பதற்கு இல்லை. எஞ்சினைத் தூக்கி வையுங்கள், கயிறு விசிறியில் சுற்றாது. நங்கூரம் வேரில் சிக்கிக்கொண்டால் எடுப்பதற்கு, அதன் தலைப்பக்கம் மெல்லிய கயிறு ஒன்று கட்டி மிதவையோடு விட்டுவிடுங்கள். எழுந்து போகும்போது அதைப் பிடித்துப் பின்பக்கமாக இழுத்தால் வந்துவிடும்.

இரண்டாம் இரவு, முதல் இரவு எப்படிப் போனது என்பதைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

புது நங்கூரமும் சங்கிலியும் வாங்குவதற்கு முன் என்னைக் கூப்பிடுங்கள். சனிக்கிழமை காலை ஆறரைக்குக் காசிமேட்டில் இருப்பேன். சங்கிலியை நங்கூரத்தோடு இணைக்கும் ஷாக்கிள் கொக்கியின் ஆணியைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டாவிட்டால் இரவெல்லாம் ஆடி ஆடித் தானே கழன்றுவிடும். பழைய நங்கூரத்தையும் எடுத்து வாருங்கள். மகனையும் கூட்டி வாருங்கள், முடிச்சை அவன் கையால் போட வேண்டும்.